மதிப்பீட்டு அறிக்கையைப் பெற்றோருக்குத் தமிழில் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், மாற்றுத்திறன் மாணவர்களுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாம் பற்றிய செய்தி வெளியாகியிருந்தது. முகாம் எங்கே, எப்போது, என்னென்ன சான்றுகளை எடுத்துவர வேண்டும் என்று பயனுள்ள விவரங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் ஒரே பத்தியில், ஒரே குழந்தைகளைக் குறிப்பதற்கு ‘மனநலம் குன்றியோர்’, ‘மனவளர்ச்சி குன்றியோர்’, ‘மனநலம் பாதிக்கப்பட்டோர்’ என்று மூன்று சொற்கள் மாறி மாறி வந்திருந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தான் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயை ஓர் இடத்திலும் அறிவுசார் குறைபாட்டை வேறோர் இடத்திலும் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் மருத்துவர் வேறு, சோதனை வேறு, பிள்ளைக்குப் பள்ளியில் செய்ய வேண்டிய ஏற்பாடும் வேறு. செய்தியைப் படித்துவிட்டு முகாமுக்குப் புறப்படும் தாய், தன் மகள் இந்த மூன்றில் எது என்று எப்படி முடிவு செய்வாள்? இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என் வீட்டில் ஆறேழு ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு போராட்டத்தின் தொடக்கமே இப்படிப்பட்ட சொற்குழப்பம்தான் என்பதால் எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் பத்திர எழுத்தர். உயிலும் செட்டில்மெண்டும் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டு வருகிறவர்களை இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். உயிலை நாளைக்கே மாற்றி எழுதலாம். செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறினால், சாதாரணமாக மாற்ற முடியாது. இந்த வேறுபாட்டை விளக்காமல் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் அது பாவம் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். அப்படிப்பட்ட நானே, என் மகனைப் பற்றிய ஏழு பக்க ஆங்கில அறிக்கையில், ஒரு வரியும் விளங்காமல் ‘பெற்றோர்’ என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன்.

அவனுக்கு முதலில் சூட்டப்பட்ட பெயர் ‘மெல்லக் கற்பவன்’. தமிழகப் பள்ளிகளில் இந்தச் சொல் தெரியாத பெற்றோர் இருக்க மாட்டார்கள். மெல்லக் கற்போருக்கான கையேடு, மெல்லக் கற்போருக்கான மாலை வகுப்பு, மெல்லக் கற்போருக்கான குறைந்தபட்சப் பாடப்பகுதி என்று அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு தனி உலகமே இருக்கிறது. கேட்பதற்கு இதமான சொல். ‘மக்கு’ என்ற பழைய வசவைவிட எவ்வளவோ மேல். ஆனால் உளவியலில் அந்தச் சொல் குறிப்பது, நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) ஏறத்தாழ 70க்கும் 85க்கும் இடையில் உள்ள, எல்லாப் பாடங்களிலும் சற்றே தாமதமாக நகர்கிற குழந்தைகளை. அந்த நிலை சட்டத்தின் 21 வகைகளில் இல்லை. எனவே அந்தப் பெயரை வைத்து எந்தச் சான்றிதழும், எந்தத் தேர்வுச் சலுகையும் கேட்க முடியாது. நடைமுறையில் நம் பள்ளிகளோ, மதிப்பெண் குறைந்த எல்லாரையும் அந்த ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகின்றன. காது மந்தமாகக் கேட்கும் பிள்ளை, கண்ணாடி தேவைப்படும் பிள்ளை, வீட்டில் தகப்பன் குடித்துவிட்டு அடிப்பதால் தூங்காமல் வரும் பிள்ளை, அறிவில் குறையின்றி வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் இடர்ப்படுகிற, ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ உள்ள பிள்ளை, எல்லாரும் மெல்லக் கற்போரே.

என் மகன் மெல்லக் கற்பவன் அல்லன் என்பதற்கு அவனுடைய வாயே சாட்சி. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தால் அது கல்லணைக்கு எப்போது வந்து சேரும், அங்கிருந்து வெண்ணாற்றுக்கும் காவிரிக்கும் எப்படிப் பிரித்து விடுவார்கள், எங்கள் வாய்க்காலில் எந்த மதகு பழுதானால் எந்த வயல் காயும் என்பதை எட்டு வயதில் வரப்பில் நின்று விளக்குவான். அதே மாதத்தில் அவனுடைய தமிழ் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ‘பொங்கல்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பெங்கால்’ என்று இருந்தது. ஒற்றைக்கொம்பைப் போட்டுவிட்டுத் துணைக்காலை மறந்து, மறந்த காலைப் பின்னால் வரும் ‘க’வின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். அந்தப் பக்கத்தில் மட்டும் அதேபோல் ஒன்பது சொற்கள். வகுப்பாசிரியர் சிவப்பு மையில் ‘கவனம் தேவை’ என்று எழுதி, ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதிவரச் சொல்லியிருந்தார். அவன் ‘பெங்கால்’ என்பதையே பத்து முறை அழகாக எழுதியிருந்தான். எழுத்தில் முன்னால் நிற்கும் கொம்பை ஒலியில் பின்னால் சொல்ல வேண்டிய நம் மொழியின் அமைப்பு, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் இடர்ப்படும் ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய சுவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆசிரியருக்கும் தெரியவில்லை, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நல்லெண்ணத்தோடு உழைத்தவர் அவர்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட குறைபாட்டு மதிப்பீட்டு வழிகாட்டு நெறிமுறைகள், குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டுக்கான முதற்கட்டக் கண்டறிதலை மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் பள்ளியே செய்ய வேண்டும் என்றும், அதற்குத் தலைமையாசிரியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும் என்றும் கூறின. அந்தக் குழுவைப் பற்றி நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது என் மகன் ஏழாம் வகுப்பில் இருந்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் ‘மெல்லக் கற்போர்’ மாலை வகுப்பில் போயின. அங்கே அவனுக்குச் செய்யப்பட்டது, பகலில் புரியாத முறையில் நடத்திய பாடத்தை மாலையில் அதே முறையில் மறுபடி நடத்தியதுதான். குறைதீர் கற்பித்தல் என்று பெயரேட்டில் எழுதியிருந்தார்கள். ஒலியையும் எழுத்தையும் பிரித்து, தொட்டு, எழுதி, சொல்லி, படிப்படியாகக் கற்பிக்கும் தனி முறைக்கு உரிய பெயர் அது என்பது பிற்பாடுதான் விளங்கியது.

ஏழாம் வகுப்பில், கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வந்த ஒரு சிறப்புப் பயிற்றுநர், இவனிடம் பாடத்தை வாசித்துக் காட்டி வாய்மொழியாகக் கேள்வி கேட்டார். பன்னிரண்டில் பதினொன்றுக்குச் சரியாகப் பதில் சொன்னான். அதே தாளை எழுதச் சொன்னபோது மூன்று வரிகளுக்கு மேல் நகரவில்லை. மதிப்பீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று அன்றைக்கே சொன்னார்.

மதிப்பீடு நடந்தது, அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. அன்றிரவு என் மனைவி அதைக் கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்க்கும் செயலியில் போட்டுப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் பரிந்துரை என்ற தலைப்பின் கீழ், ‘குழந்தைக்கு வகுப்பறையிலும் தேர்வுகளிலும் தங்குமிடம் வழங்கப்பட வேண்டும்’ என்று திரையில் வந்தது. ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிய என் தாயார் அழத் தொடங்கிவிட்டார். அதற்கு முந்தைய வரியில் ‘தொழில் சிகிச்சை’ என்று இருந்தது. படிப்பு வராது, ஏதாவது கைத்தொழிலில் விடுங்கள் என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள் என நானும் எண்ணினேன். இரண்டு நாள் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. ‘அக்காமடேஷன்’ என்றால் பாடத்தைக் குறைக்காமல், அதைப் பிள்ளை பெறுகிற வழியையும் திருப்பித் தருகிற வழியையும் மட்டும் அவனுக்கு ஏற்ப மாற்றுவது என்றும், ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்றால் பென்சில் பிடிப்பது, பொத்தான் போடுவது போன்ற அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி என்றும் மூன்றாம் நாள் அந்தப் பயிற்றுநர் தொலைபேசியில் விளக்கினார். பிந்தையதைச் சிலர் ‘செயல்முறை சிகிச்சை’ என்று எழுதுகிறார்கள்; அது பொருத்தமாகவே இருக்கிறது. முந்தையதற்கு ‘ஏற்ற வசதி’ என்று எழுதினால் போதும், யாரும் அழ வேண்டியிருக்காது.

இதோடு சேர்த்துப் பெற்றோர் அறிந்துவைத்திருக்க வேண்டிய மற்றொரு சொல் ‘மாடிஃபிகேஷன்’. இது பாடத்தையே குறைப்பது. எல்லாரும் பத்துக் கணக்குப் போட்டால் இவனுக்கு நான்கு, அதிலும் எளியவை. சில குழந்தைகளுக்கு அதுதான் நியாயம், அதுவே அவர்களுக்கான கல்வி. ஆனால் ஏற்ற வசதி மட்டுமே தேவைப்படும் பிள்ளைக்குப் பாடத்தைக் குறைத்துவிட்டால், குறைத்த ஒவ்வோர் ஆண்டும் அவன் தன் வகுப்பிலிருந்து ஓராண்டு பின்தங்குகிறான். எங்கள் பள்ளியில் ஒரு கூட்டத்தில் ‘உங்கள் பையனுக்குச் சலுகை கொடுத்துவிடுகிறோம்’ என்றார்கள். எந்தச் சலுகை என்று கேட்டேன். ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் படித்தால் போதும் என்றார்கள். முன்பாயிருந்தால் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன். அன்று, பாடம் முழுவதும் வேண்டும், நேரம்தான் கூடுதலாக வேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது. ‘சலுகை’ என்ற ஒரே சொல் இரண்டையும் மூடி மறைத்துவிடுகிறது.

சான்றிதழ் வாங்கச் சென்ற மருத்துவமனை வராந்தாவில் கண்ட ஒரு காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, மருத்துவர் அறையிலிருந்து மலர்ந்த முகத்தோடு வெளியே வந்து, ‘மிதமாகத்தான் இருக்காம், பயப்பட ஒன்றும் இல்லையாம்’ என்று தன் அண்ணனிடம் சொன்னார். தாளை வாங்கிப் பார்த்தேன். அறிவுசார் குறைபாடு, ‘மாடரேட்’, 75 சதவீதம் என்று இருந்தது. ‘லேசானது முதல் மிதமான மழை’ என்று வானிலை அறிக்கையில் அன்றாடம் கேட்கிறோம். லேசானதற்கு அடுத்த படிதான் மிதமானது என்பது மழை விஷயத்தில் நமக்குத் தெரியும். மற்ற இடங்களில் மிதம் என்றால் அளவானது, இதமானது என்றே நம் காது எடுத்துக்கொள்கிறது. மிதமான சூடு, மிதமான காரம். அறிவுசார் குறைபாட்டில் லேசான நிலைக்கு 50 சதவீதம், மிதமான நிலைக்கு 75 சதவீதம் என்று சான்றளிக்கிறார்கள். அந்தக் குழந்தைக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து பயிற்சியும் துணையும் தேவைப்படும். அந்தத் தாயோ பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்விட்டார். அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்கு அன்று துணிவு வரவில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

சதவீதமும் ஒரு சொல்தான், எண் வேடத்தில் வருகிற சொல். ‘40 சதவீதம்’ என்று எழுதித் தந்தால், மூளையில் அறுபது பங்குதான் வேலை செய்கிறதா என்று கேட்கும் பாட்டிகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அது சட்டம் வரைந்த ஒரு கோடு. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் ‘பெஞ்ச்மார்க்’ குறைபாடு. அந்தக் கோட்டைத் தாண்டியவர்களுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உள்ளிட்ட சில உரிமைகள் கூடுதலாக உண்டு. கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்றுமே கிடையாது என்று பல அலுவலகங்களில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வருக்கு, 40 சதவீதம் இல்லை என்ற காரணத்தால் சொல்வதைத் தேர்வில் எழுதித் தரும் எழுத்தர் மறுக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தெளிவாகவே தீர்ப்பளித்திருக்கிறது: ஏற்ற வசதி பெறும் உரிமை மாற்றுத்திறனாளிகள் அனைவருக்கும் உரியது, பெஞ்ச்மார்க் எல்லையைக் காட்டி அதை மறுக்க முடியாது. சட்டத்தில் ‘மாற்றுத்திறனாளி’ என்பதும் ‘பெஞ்ச்மார்க் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளி’ என்பதும் தனித்தனி வரையறைகள். இந்த வேறுபாடு ஒரு வக்கீலுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, பள்ளி எழுத்தருக்கும் தெரிய வேண்டும்.

எழுத்தர் என்றதும் ஒன்று. பொதுத்தேர்வுப் படிவத்தில் ‘சொல்வதை எழுதுபவர்’ என்று தமிழில் மிக அழகாகவே அச்சிட்டிருக்கிறார்கள். என் தொழிலும் அதுதான் என்பதால் அந்தச் சொல்லை மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூடுதலாக ஒரு மணி நேரம் என்பதும் அப்படியே புரிந்தது. மூன்றாவதாக இருந்த ‘ஒரு மொழிப்பாட விலக்கு’ என்பதில்தான் தயங்கி நின்றோம். விலக்கு என்றால் ஒரு சுமை இறங்குவதாகத் தோன்றும். ஆனால் எந்த மொழியை விடுவது? வீட்டு மொழியையா, மேற்படிப்பின் மொழியையா? சில பிள்ளைகளுக்கு அந்த விலக்கு இல்லாமல் தேர்ச்சியே இல்லை, அவர்கள் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் மகனோ இரண்டையும் எழுதிப் பார்க்கிறேன் என்றான். நேரமும் எழுத்தரும் மட்டும் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம்.

இவற்றைத் தெரிந்துகொள்ள இணையம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இணையத்தில் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கச் சட்டத்தின் சொற்கள். அங்கே 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே, தகுதியுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ‘தனிநபர் கல்வித் திட்டம்’ என்ற ஆவணத்தைப் பள்ளி எழுதியாக வேண்டும். பெற்றோர் அந்தக் கூட்டத்தில் உறுப்பினர். உடன்பாடு இல்லாவிட்டால் முறையீடு செய்ய வழி உண்டு. நம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தனிப்பட்ட ஆதரவைத் தருவதும் ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிப்பதும் கல்வி நிறுவனத்தின் கடமை என்று சொல்கிறது. ஆனால் அந்தப் பெயரில் ஓர் ஆவணத்தை வரையறுக்கவில்லை. இணையத்தில் படித்துவிட்டுப் போய் ‘தனிநபர் கல்வித் திட்டத்தைக் கொடுங்கள்’ என்று கேட்கும் பெற்றோரைப் பள்ளி விநோதமாகப் பார்க்கிறது. 16ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டிருந்தால் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். ‘ஏடிஎச்டி’ என்ற கவனச் சிதறல் நிலையும் இப்படித்தான். அங்கே அதற்குப் பள்ளியில் சட்டப் பாதுகாப்பு உண்டு. இங்கே 21 வகைகளில் அது தனியாக இடம்பெறவில்லை என்பதை அறியாமல் சான்றிதழுக்காக அலையும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன்.

நம் அரசுத் திட்டங்களின் பெயர்களும் உதவுவதில்லை. மாற்றுத்திறன் குழந்தைகள் பொதுப் பள்ளியில் படிப்பதை முன்பு ‘ஒருங்கிணைந்த கல்வி’ என்றார்கள். பிள்ளை பள்ளிக்கு ஏற்ப மாறிக்கொள்ள வேண்டும் என்பது அதன் உட்பொருள். பள்ளி பிள்ளைக்கு ஏற்ப மாற வேண்டும் என்ற கருத்து வந்தபின் ‘உள்ளடக்கிய கல்வி’ ஆயிற்று. 2018இல் பல திட்டங்களை இணைத்து வந்த ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’ என்பதற்கும் பழைய ஒருங்கிணைந்த கல்விக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. கடுமையான குறைபாட்டால் பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு உரிய ‘வீட்டு வழிக் கல்வி’யும், கொரோனா கால இழப்பை ஈடுசெய்யத் தன்னார்வலர்களைக் கொண்டு 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும் ஒன்றே என்று எண்ணி, தவறான இடத்தில் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த ஒரு தகப்பனாருக்கு நானே மறுமனு எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே, பள்ளிக் கல்வித் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் மருத்துவத் துறையும் சேர்ந்து, இந்தச் சொற்களுக்கு ஒரே தமிழ்ச் சொற்பட்டியலை முடிவு செய்து, எல்லா வட்டார வள மையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் சுவரில் ஒட்ட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டிசத்துக்கு மட்டும் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’, ‘மதியிறுக்கம்’, ‘மன இறுக்கம்’ என்று இத்தனை பெயர்கள் எதற்கு? ஆட்டிசம் என்று தமிழெழுத்தில் எழுதினாலே மக்களுக்குப் புரிகிறது. சிந்தனையற்றோர் என்று ஒரு குழந்தையைச் சான்றிதழில் எழுதும் உரிமையை யாருக்கும் தர எனக்கு ஒப்புதல் இல்லை. ‘ஊனமுற்றோர்’ என்று அச்சிட்டுவந்த அலுவலகங்கள் எல்லாம் ‘மாற்றுத்திறனாளி’க்கு மாறியதை நம் கண்ணால் பார்த்திருக்கிறோம், அரசு மனம் வைத்தால் சொல் மாறும். தங்கள் செய்தியாளர்களும் அந்தப் பட்டியலையே பின்பற்றினால் பேருதவியாக இருக்கும்.

அதைவிட முதன்மையான வேண்டுகோள், ஒவ்வொரு மதிப்பீட்டு அறிக்கையோடும் பெற்றோருக்கென்று தமிழில் ஒரு பக்கம் கட்டாயம் இணைக்கப்பட வேண்டும் என்பது. இதற்குப் பெரிய செலவு ஆகாது. எங்கள் சிறப்புப் பயிற்றுநர், தொலைபேசியில் விளக்கியதற்கு மறுவாரம் வீட்டுக்கே வந்து, அந்த ஏழு பக்க அறிக்கையின் பின்புறத்தில் நீல மையில் ஐந்தே வரிகள் எழுதித் தந்தார். எழுத அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் தாளை வீட்டுப் பட்டா, பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட்டம் ஒவ்வொன்றுக்கும் அதன் நகலைத்தான் கொண்டுபோகிறேன், ஆங்கில அறிக்கையை அல்ல. தங்கள் பார்வைக்காக அந்த வரிகளை அப்படியே தருகிறேன்:

‘இவனுக்கு எழுத்தை ஒலியாகவும் ஒலியை எழுத்தாகவும் மாற்றுவதில் சிரமம். புரிந்துகொள்வதில் சிரமம் இல்லை. பாடத்தை வாசித்துக் காட்டுங்கள், பதிலை வாயால் சொல்ல விடுங்கள். பத்து முறை எழுதிவரச் சொல்ல வேண்டாம். தேர்வுக்குக் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டு ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பியுங்கள்.’

என் மகனின் பொருட்டுப் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்ட வாசகர் ஒருவர்